மாக்பெத் நாடகத்தில் தனிமொழி

முன்னுரை

கதை எழுதுவோன் தன் மாந்தருடைய உள்ளத்துள் புகுந்து, அங்கு நிகழ்வனவற்றைத் தன் கூற்றாகவே எடுத்துரைக்க வல்லவன். நாடகம் எழுதுவோனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் அரங்கின் புறத்தே நிற்றற்குரியவன். அவனுடைய மாந்தரோ, ஒருவரோடொருவர் உரையாடுங்கால் தம் உள்ளத்தை வெளியிடுதலும் உண்டு, மறைத்தலும் உண்டு. வஞ்சனையே பொருளாக அமைந்த நாடகத்தில் மறைத்தலே மிகுதி. மறைத்ததனை அவையோர்க்கு மட்டும் திறந்து காட்டுதற்கு நாடகப் புலவர் கைக்கொண்ட உத்திகளுள் தலையாயது தனிமொழி.

தனிமொழி பாத்திரத்தின் பண்பை விளக்கும் என்பதும், பின்னர் நிகழ்வனவற்றை முன்னரே குறிப்பாக உணர்த்தும் என்பதும் திறனாய்வாளர் பலரும் கூறுவன. இவ்விரண்டும் தனித்தனிப் பயன்களாகவே பெரும்பாலும் எண்ணப்படுகின்றன. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தை ஊன்றி நோக்குவார்க்கு இவை இரண்டல்ல, ஒன்றே என்பது புலனாகும். மாக்பெத் தன்னை இன்னான் என்று காட்டிக்கொள்ளும் சொற்களே அவனுக்கு வரவிருப்பதனையும் சொல்லிவிடுகின்றன. தன் வாயால் தானே உரைத்த அவ்வுரையை அவன் செவிமடுக்கவில்லை. சூனியக்காரியர் உரைத்ததனையே நம்பினான். அந்நாடகத்தின் அவலம் இங்கேதான் வேர்கொண்டுள்ளது. இதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

இந்நாடகம் 1606-ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டது என்று கருதுவர். 1623-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதற் பெருந்தொகுப்பில் இது முதன்முதலாக அச்சேறியது. அவருடைய அவல நாடகங்களுள் அளவாற் சிறியது இதுவே. பம்மல் சம்பந்த முதலியார் இதனைத் தழுவி 'மகபதி' என்னும் பெயரால் தமிழ் மேடைக்குத் தந்தார். ஆதலின் தமிழ் மாணவர்க்கு இந்நாடகம் முற்றிலும் புதியதன்று.

தனிமொழியின் இயல்பு

அரங்கில் தனித்து நிற்கும் ஒருவன் தன் எண்ணத்தை வாய்விட்டு உரைப்பது தனிமொழி. பிறர் உடனிருப்பினும் அவர் கேளாதவாறு ஒருவன் தன்னுட் பேசிக்கொள்வதும் இதனோடு நெருங்கிய உறவுடையது. இந்நாடகத்தில் மாக்பெத்தின் முதற் கூற்றுகள் சில அவ்வகையின.

கிரேக்க அவல நாடகங்களில் பாடற்குழுவினர் பெரும்பாலும் அரங்கிலேயே இருப்பர். ஆதலின் அங்குத் தனிமொழிக்கு இடம் அரிது. சோபோக்ளீசின் 'அயாக்ஸ்' நாடகத்தில், தலைவன் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளுமுன் பேசும் இடம் அவ்வரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. அங்கும் பாடற்குழு அரங்கினின்றும் நீங்கிய பின்னரே அவன் தனித்துப் பேச இயல்கின்றது. ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டன் அரங்கின் நிலை வேறு. மேடை அவையினுள் நீண்டு நிற்க, மக்கள் மூன்று புறமும் சூழ்ந்திருந்தனர். அங்குத் தனித்து நின்று பேசுவோன் அவையோரிடையே நின்று பேசுபவனாகவே தோன்றுவான். இவ்வமைப்பு தனிமொழிக்கு ஒரு நெருக்கத்தைத் தந்தது.

தமிழ் இலக்கியம் பயின்றார்க்கு 'நெஞ்சொடு கிளத்தல்' என்னும் துறை நினைவுக்கு வருதல் இயல்பு. திருக்குறளின் 125-ஆம் அதிகாரம் அப்பெயரே பெற்றது. ஆயினும் ஒரு வேற்றுமை கருதற்பாலது. அகத்திணை மாந்தர் நெஞ்சை விளிக்குங்கால் அதனைத் தம்மோடு உடனுறையும் துணையாகக் கொள்வர். அதனைக் கடிவர், இரப்பர், அதனோடு ஊடுவர். மாக்பெத் தன் நெஞ்சை விளிப்பதே இல்லை. விண்மீன்களை விளிக்கின்றான், வெறுவெளியில் தோன்றும் உடைவாளை விளிக்கின்றான், மிதிக்கும் நிலத்தை விளிக்கின்றான். தன் நெஞ்சொடு பேசும் துணிவு மட்டும் அவனுக்கு இல்லை. இவ்வேற்றுமையின் பொருள் பின்னர் விளங்கும்.

இருவகை முன்னுணர்த்தல்

தனிமொழி வருவதனை உணர்த்தும் நெறி இரண்டு. ஒன்று, பேசுவோன் தான் செய்யக் கருதியதனைக் கூறுதல். 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகம் தலைவனின் தனிமொழியோடு தொடங்குகின்றது. தான் கொடியவனாகத் துணிந்ததனையும், உடன்பிறந்தான் கிளாரன்சுக்கு எதிராகப் பின்னிய சூழ்ச்சியினையும் அவன் அவையோர்க்கு உரைக்கின்றான். அவன் பேசி முடிக்குமுன் கிளாரன்சு காவலரிடையே வருகின்றான். இங்கு முன்னுணர்த்தல் என்பது திட்டம் உரைத்தலே. பேசுவோன் தன் சொல்லுக்குத் தலைவனாக நிற்கின்றான். 'ஒதெல்லோ' நாடகத்து இயாகோவின் தனிமொழிகள் பலவும் இவ்வகையின.

மற்றொன்று, பேசுவோன் தான் கருதாததனையும் தன் சொல்லிடை வெளிப்படுத்துதல். அவன் எடுத்த உவமையும், அஞ்சிய அச்சமும், வேண்டிய வேண்டுகோளும் பிற்காலத்தைத் தம்முட் பொதிந்து வைத்திருக்கும். பேசுவோன் அதனை அறியான். நாடகம் முடியுங்கால் அவையோர் அறிவர். மாக்பெத்தின் தனிமொழி இவ்வகையது. ரிச்சர்டின் சொல் அவனுக்கு ஏவலாளாக நிற்கின்றது. மாக்பெத்தின் சொல்லோ அவனுக்கு எதிர்ச்சான்றாக நிற்கின்றது.

கொலை என்னும் சொல்

சூனியக்காரியர் மூவரும் மாக்பெத்தை முதற்கண் சந்தித்தபொழுது அவனைக் கிளாமிசுத் தலைவன் என்றும், காடார்த் தலைவன் என்றும், பின்னர் அரசனாவான் என்றும் வாழ்த்தினர். அவர்கள் கொலையைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரல்லர். இதனை மறத்தலாகாது. காடார்த் தலைமை அவனுக்கு வழங்கப்பட்டது என்னும் செய்தியை ராஸ் கொணர்ந்த அளவில், மாக்பெத் உடனிருந்தாரை மறந்து தன்னுட் பேசத் தொடங்குகின்றான். கொலை என்னும் எண்ணம் முதன்முதலாகத் தோன்றுவது அங்கேதான். தன் உள்ளத்தெழுந்த உருவம் ஒன்றால் மயிர் சிலிர்க்கவும், நெஞ்சு விலா எலும்பில் மோதவும் காண்கின்றான். அவ்வுருவம் இன்னதென்று அவன் விளங்கக் கூறவில்லை. எனினும் அடுத்துத் தன் எண்ணத்தில் இன்னும் வடிவளவாகவே நிற்கும் கொலையைக் குறிப்பிடுகின்றான்.

வருவதுரைத்தார் சூனியக்காரியர், அதற்கு வழி உரைத்தவன் மாக்பெத். பாங்கோவும் அதே வாழ்த்தைக் கேட்டவன். அவன் உள்ளத்தில் இவ்வுருவம் அப்பொழுது எழவில்லை. இங்கு மாக்பெத்தின் பண்பு புலனாகின்றது. அவன் கொடுமையை விரும்புவான் அல்லன். ஆயின் கொடுமையைக் கற்பனையில் முழுவடிவோடு காணும் ஆற்றலுடையான். கண்டு நடுங்குவான், நடுங்கியும் அதனைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். அச்சமே அவனை ஈர்க்கும் கயிறாகின்றது.

அடுத்த காட்சியில் மன்னன் டங்கன், ஒருவனுடைய முகத்தைக் கண்டு அவன் அகத்தை அறியும் கலை உலகில் இல்லை என்று இரங்குகின்றான். முன்னைக் காடார்த் தலைவனை நம்பி ஏமாந்த துயரில் அவன் கூறியது அது. அச்சொல் முடியுமுன் மாக்பெத் உள்ளே வருகின்றான். மன்னனுக்கு இல்லாத அக்கலை அவையோர்க்கு உண்டு; அதன் பெயரே தனிமொழி. டங்கன் காணாததனை நாம் கண்டுவிட்டோம். கண்டும் எச்சரிக்க இயலாது அமர்ந்திருத்தலே அவல நாடகம் காண்போரின் நிலை.

கொலைக்கு முன்: கிண்ணமும் குழவியும்

முதல் அங்கத்தின் ஏழாங் காட்சியில் வரும் தனிமொழி இந்நாடகத்தின் உயிர்நிலை. உள்ளே விருந்து நடக்கின்றது. விருந்தளிப்போன் வெளியே தனித்து நிற்கின்றான். செயல் முடிந்தவுடன் அதன் விளைவும் முடிந்துபோமாயின் மறுமையைப் பற்றியும் கவலையில்லை என்று தொடங்குகின்றான். ஆயின் இவ்வுலகிலேயே தீர்ப்பு உண்டு. நாம் கற்பித்த குருதிப்பாடம் கற்பித்தவனிடமே திரும்பிவரும். நடுநிலை தவறாத அறம், நாம் நஞ்சிட்ட கிண்ணத்தை நம் இதழருகே நீட்டும் என்கின்றான். பின்னர், டங்கன் தனக்கு உறவினன், அரசன், விருந்தினன் என்பதனை எண்ணுகின்றான். அவனுடைய நற்பண்புகள் வானவர்போல் முழங்கும் என்றும், இரக்கம் என்பது அப்பொழுது பிறந்த ஆடையற்ற குழவிபோல் காற்றின்மீது ஏறி வரும் என்றும் காண்கின்றான். இறுதியில், தன்னைத் தூண்டுவது அடங்காத அவா ஒன்றே என்று ஒப்புகின்றான்.

இத்தனிமொழியின் இரண்டு உருவங்களை நாடகம் முழுவதும் தொடர்ந்து காணலாம். முதலாவது கிண்ணம். டங்கனின் மெய்காவலர்க்கு மயக்கமருந்திட்ட பானத்தைச் சீமாட்டி மாக்பெத் ஊட்டுகின்றாள். மூன்றாம் அங்கத்தின் முதற் காட்சியில், பாங்கோவின் வழித்தோன்றல்களுக்காகத் தன் அமைதி என்னும் கலத்தில் தானே கசப்பை ஊற்றிக்கொண்டதாக மாக்பெத் வருந்துகின்றான். அதே அங்கத்தின் விருந்துக் காட்சியில் அவன் மதுக்கிண்ணத்தை உயர்த்தி, அவைக்கு வாராத நண்பன் பாங்கோவின் நலத்துக்கென வாழ்த்துகின்றான். அந்நேரமே கொலையுண்ட பாங்கோவின் ஆவி மீண்டும் தோன்றுகின்றது. ஏழாங் காட்சியில் ஒரு விருந்தின் புறத்தே நின்று அவன் கூறிய கிண்ணம், மற்றொரு விருந்தின் நடுவே அவன் கையிலேயே வந்து நிற்கின்றது. அவன் உரைத்தது எழுத்துக்கெழுத்து நிறைவேறிற்று.

இரண்டாவது குழவி. நான்காம் அங்கத்தில் சூனியக்காரியர் காட்டும் உருவங்களுள் ஒன்று குருதி தோய்ந்த குழவி. மற்றொன்று முடிசூடி மரக்கிளை ஏந்திய குழவி. மாக்பெத் ஏவிய கொலைஞர் மாக்டப்பின் மகனைத் தாயின் கண்முன் கொல்கின்றனர். இறுதியில் மாக்பெத்தை வீழ்த்துவோன், தாய் வயிற்றினின்றும் காலத்திற்கு முன்னரே கீறி எடுக்கப்பட்ட குழவியாகப் பிறந்த மாக்டப். இக்குழவியுருவின் சிறப்பைக் கிளியந்த் புரூக்சு 1947-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஈண்டு நாம் வற்புறுத்துவது ஒன்றே: அவ்வுருவத்தை முதலில் கண்டு சொன்னவன் மாக்பெத்தே. சூனியக்காரியர் குழவியைக் காட்டுதற்கு நெடுநாள் முன்னரே அவன் அதனைத் தன் சொல்லிற் கண்டான்.

மூலநூலும் நாடகமும்

ஷேக்ஸ்பியர் இக்கதையை ராபேல் ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலினின்றும் எடுத்தார். அந்நூல் 1577-இல் முதற்பதிப்பும் 1587-இல் இரண்டாம் பதிப்பும் பெற்றது. ஹாலின்ஷெட் கூறும் மாக்பெத், அரசெய்திய பின்னர்ப் பத்தாண்டு அளவும் முறைசெய்து ஆள்கின்றான். அதன் பின்னரே மனச்சான்று அவனைக் குத்துகின்றது. தான் முன்னை அரசனுக்கு அளித்த கிண்ணத்தைத் தனக்கும் பிறர் அளிப்பரோ என்று அஞ்சுகின்றான். பாங்கோவைக் கொல்லத் துணிகின்றான்.

கிண்ணம் என்னும் கருத்து ஷேக்ஸ்பியருக்கு இங்கிருந்தே கிடைத்தது என்று கொள்ளலாம். ஆயின் அவர் அதனை வைத்த இடம் எது? மூலநூலில் அது கொலைக்குப் பத்தாண்டுகட்குப் பின் எழுந்த அச்சம். நாடகத்தில் அது கொலைக்குச் சில நாழிகைகட்கு முன் எழுந்த அறிவு. இவ்விடமாற்றமே நாடகத்தின் தன்மையை மாற்றிவிட்டது. விளைவை அறியாது தவறிழைத்துப் பின் அஞ்சுவோன் இரங்கத்தக்கவன், அவ்வளவே. விளைவு முழுவதையும் முன்னரே கண்டு, கண்டதனைத் தன் வாயாலே உரைத்து, உரைத்த பின்னரும் அதனையே செய்வோன் அவலத் தலைவன். அச்சத்தை அறிவாக்கியது தனிமொழி. அரங்கில் தலைவனைத் தனியே நிறுத்திப் பேசவைக்கும் உத்தி இல்லையெனில் இம்மாற்றம் எளிதில் இயன்றிராது.

சொல்லாது விட்டது

தனிமொழி முடிந்ததும் சீமாட்டி வருகின்றாள். மாக்பெத், இச்செயலில் மேற்செல்லற்க என்று அவளிடம் உறுதியாகவே கூறுகின்றான். அதற்கு அவன் காட்டும் காரணம் யாது? அண்மையில் மன்னன் தன்னைப் பெருமைப்படுத்தினான். மக்களும் நன்மதிப்பு வைத்துள்ளனர். அம்மதிப்பு என்னும் புத்தாடையை அணிந்து மகிழாது எறிதல் தகாது என்பதே. கிண்ணம் எங்கே? குழவி எங்கே? உறவினன், அரசன், விருந்தினன் என்னும் எண்ணம் எங்கே? ஒரு நொடிக்கு முன் அவையோரிடம் உரைத்த எதனையும் அவன் மனைவியிடம் உரைத்தானல்லன்.

சீமாட்டி கேட்டது ஆடையைப் பற்றிய வாதம் மட்டுமே. அதற்கு மறுமொழி கூறுதல் எளிது. அவனுடைய ஆண்மையை இகழ்கின்றாள், அவன் தோற்கின்றான். மாக்பெத் தன் மனைவியின் சொல்லால் வீழ்ந்தான் என்பர். தன் தனிமொழியை உரையாடலாக்க மாட்டாமையால் வீழ்ந்தான் என்பதே பொருந்தும். அகத்திற்கும் முகத்திற்கும் இடைப்பட்ட பிளவு டங்கனை மட்டும் ஏமாற்றவில்லை. கணவனையும் மனைவியையும் பிரித்தது. தனிமொழி ஒன்றின் ஆழத்தை அளத்தற்கு அதனையடுத்து வரும் உரையாடலையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

சீமாட்டியின் வேண்டுதல்

கணவன் விடுத்த ஓலையைப் படித்த சீமாட்டி, அவனிடத்து மனிதப் பரிவு மிகுதி என்றும், பெருமை வேண்டினும் அதற்குரிய தீமையை அவன் வேண்டான் என்றும் தன்னுட் கூறுகின்றாள். கணவனை அவள் அறிந்த அளவு வேறு எவரும் அறிந்திலர். பின்னர்க் கொலைத்தெய்வங்களை அழைத்துத் தன் பெண்மையை மாற்றுமாறும், இரக்கம் புகும் வழியை அடைக்குமாறும், நள்ளிருள் நரகப்புகை போர்த்துத் தன் கத்தி தான் செய்யும் புண்ணைக் காணாதவாறு வருமாறும் வேண்டுகின்றாள்.

இத்தனிமொழியைக் கொண்டு அவள் கல்நெஞ்சினள் என்று முடிவு கூறுவார் உளர். கல்லாக இருப்பது கல்லாக வேண்டும் என்று வேண்டுமோ? இரக்கம் புகும் வழியை அடைக்கச் சொல்பவளுக்கு அவ்வழி திறந்தேயுள்ளது என்பதுதான் பெறப்படும். கொலைநாள் இரவில், உறங்கிய மன்னன் தன் தந்தையை ஒத்திராவிடின் தானே அதனைச் செய்திருப்பேன் என்று அவள் தனித்துக் கூறும்பொழுது இவ்வுண்மை தெளிவாகின்றது. கணவனைப் பற்றி அவள் கூறியது முற்றும் சரி; தன்னைப் பற்றி அவள் கொண்ட எண்ணமோ பிழை. அவள் வீழ்ச்சிக்கு இப்பிழையே வித்து.

அவள் வேண்டியது இருள். ஐந்தாம் அங்கத்தின் முதற் காட்சியில் அவள் கையில் விளக்கு எரிகின்றது. எந்நேரமும் தன் அருகில் ஒளி இருத்தல் வேண்டும் என்பது அவள் கட்டளை என்று பணிப்பெண் மருத்துவனிடம் கூறுகின்றாள். காணக்கூடாது என்று வேண்டிய கண், இல்லாத குருதிக்கறையை உறக்கத்திலும் காண்கின்றது. அடைக்க வேண்டிய வழியாகவே இரக்கம் உட்புகுந்தது. வேண்டுகோளின் ஒவ்வோர் உறுப்பும் தலைகீழாகத் திரும்பிற்று.

இங்கு ஒன்று கருதுக. கணவன் மனைவி இருவருடைய தனிமொழிகளிலும் வரும் வேண்டுகோள்கள் எதிர்மறையாகவே அமைந்துள்ளன. விண்மீன்களே, ஒளியை மறையுங்கள் என்கின்றான் அவன். கை செய்வதனைக் கண் காணாதிருக்கட்டும் என்கின்றான். நிலமே, என் காலடி ஓசையைக் கேளாதே என்கின்றான். கத்தியே காணாதே, வானமே எட்டிப்பாராதே என்கின்றாள் அவள். அரசுரிமை வேண்டும் என்று இருவரும் எதனையும் இரந்தாரல்லர். தம்மை எவரும் காணலாகாது என்றே இரந்தனர். அவர்கட்கு உண்மையில் அச்சம் தந்த கண் விண்மீனின் கண் அன்று, தம் கண்ணே. நெஞ்சை விளித்துப் பேசும் துணிவு மாக்பெத்துக்கு இல்லை என்று முன்னர்க் கூறியதன் பொருள் இதுவே. விளித்தால் அது விடை கூறும்.

கொலைக்குப் பின்

முடிசூடிய மாக்பெத்தின் நீண்ட தனிமொழி, மூன்றாம் அங்கத்தின் முதற் காட்சியில் பாங்கோவைக் குறித்து எழுகின்றது. இதனை ஏழாங் காட்சித் தனிமொழியோடு ஒப்பிட்டால் அவன் அடைந்த மாற்றம் புலனாகும். முன்னதில் அவன் கூறிய காரணமும் கண்ட உருவமும் ஒன்றையே உரைத்தன. இரண்டும் 'செய்யற்க' என்றன. பின்னதில் அவை பிரிந்துவிட்டன. பாங்கோவும் அவன் மகனும் ஒழிந்தால் அச்சம் ஒழியும் என்கின்றது காரணம். கனியாத முடி, மலடான செங்கோல், கசப்பு ஊற்றிய கலம் என்கின்றன உருவங்கள். காரணம் பொய்த்தது, பாங்கோ இறந்தும் மகன் தப்பினான், அச்சம் வளர்ந்தது. உருவங்கள் பொய்க்கவில்லை.

ஏ. சி. பிராட்லி 1904-இல் வெளியிட்ட தம் நூலில், மாக்பெத்தின் நல்லியல்பு அறக்கருத்துகளாகப் பேசாது அச்சுறுத்தும் உருவங்களாகவே வெளிப்படுகின்றது என்று காட்டினார். அக்கருத்தோடு ஒன்று கூட்டலாம். அவன் நல்லியல்பு பேசும் அவ்வுருவங்களே வருவதனையும் பேசுகின்றன. அறமும் வருங்காலமும் அவனிடம் ஒரே மொழியில் வருகின்றன.

அடுத்த காட்சியில் சீமாட்டிக்குச் சில அடிகளே கொண்ட தனிமொழி ஒன்று உண்டு. எல்லாம் செலவிட்டும் எதுவும் பெற்றிலோம். அழித்துவிட்டு ஐயத்தோடு மகிழ்வதினும் அழிக்கப்பட்டாராக இருத்தல் நன்று என்பது அதன் கருத்து. மாக்பெத் உள்ளே வந்து, தீக்கனவுகளால் தான் படும் துயரைக் கூறி, இறந்தாரோடு இருத்தலே நன்று என்கின்றான். இருவர் உள்ளத்தும் ஒரே எண்ணம். ஆயின் அவனைக் கண்டவுடன் அவள் தன் துயரை மறைத்து, ஏன் தனித்திருக்கின்றாய் என்று கடிகின்றாள். அவனோ பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பியதனை அவளுக்கு மறைக்கின்றான். ஒரே வீட்டில் இரண்டு தனிமொழிகள் தனித்தனியே வாழ்கின்றன.

தனிமொழி அற்றுப்போதல்

டங்கனின் கொலைக்கு முன் மாக்பெத் பலமுறை தன்னுட் பேசினான். பாங்கோவின் கொலைக்கு முன் ஒருமுறை நீளப் பேசினான். மாக்டப்பின் மனைவி மக்களைக் கொல்லுமுன் அவன் எண்ணிப் பார்த்ததாகவே இல்லை. நான்காம் அங்கத்தின் முதற் காட்சி இறுதியில், இனி நெஞ்சில் முதலில் தோன்றுவதே கையில் முதலில் தோன்றும் என்று அவன் சூளுரைக்கின்றான். நெஞ்சுக்கும் கைக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் தனிமொழி வாழ்கின்றது. அவ்வெளியை அவன் அடைத்துவிட்டான். அடுத்த காட்சியிலேயே குற்றமற்ற குழந்தை மடிகின்றது. பேச்சு அற்ற இடத்தில் கொலை எத்துணை விரைவில் நிகழும் என்பதனை நாடகம் இவ்வாறு காட்டுகின்றது.

ஐந்தாம் அங்கத்தில் சீமாட்டி உறக்கத்தில் நடந்து பேசுவது தனிமொழியின் சிதைவு. அது செய்யுளாக அன்றி உரைநடையாக அமைந்தது. மருத்துவனும் பணிப்பெண்ணும் கேட்க நிகழ்கின்றது. விழித்திருந்த நாளில் எவர்க்கும் சொல்லாததனை, உறங்கும்பொழுது அனைவரும் கேட்கச் சொல்லுகின்றாள்.

மாக்பெத் கோட்டையினுள் சீட்டனை அழைத்து, அவன் வருமுன், தன் வாழ்வு பழுத்த இலையாகிவிட்டது என்று தன்னுட் கூறுகின்றான். முதுமைக்குத் துணையாக வேண்டிய மதிப்பு, அன்பு, கீழ்ப்படிதல், நட்பு ஆகியவை தனக்கு இல்லை. உரக்க எழாத சாபமும் வாயளவான மரியாதையுமே உள என்கின்றான். ஏழாங் காட்சியில் அவன் அஞ்சிய தீர்ப்பு இது. சிறிது பின்னர், பெண்டிர் ஓலம் கேட்டு, அச்சத்தின் சுவையையே மறந்தேன் என்கின்றான். முன்பெல்லாம் கொடிய கதை ஒன்று கேட்பினும் தன் மயிர் சிலிர்க்கும் என நினைவுகூர்கின்றான். அவனுடைய முதற் கூற்றில் சிலிர்த்த மயிர் இதுவே. அன்று அவன் நடுங்கினான். நடுங்கியமையால் மனிதனாக இருந்தான். மனைவி இறந்தாள் என்னும் செய்தி வந்தபொழுது, நாளைகள் ஊர்ந்து செல்வதனையும் சிறு விளக்கு அணைவதனையும் பற்றி அவன் பேசுவது சீட்டன் முன்னிலையில். ஆயின் அது எவரையும் நோக்கிய பேச்சு அன்று. அங்கு வருவதுரைக்கும் குறிப்பு எதுவும் இல்லை. வருவதற்கு ஒன்றும் இல்லாதவனுக்கு வருவதுரைக்கும் சொல் எவ்வாறு எழும்? மாக்டப்பின் வாள் படுமுன்னரே அவன் இறந்துவிட்டான்.

ஒரு தடையும் விடையும்

தனிமொழியில் இத்துணை உளநூற் செய்திகளைக் காணுதல் மிகையென்பார் உளர். ஜெர்மானிய அறிஞர் லெவின் ஷூக்கிங், 1919-இல் வெளியிட்ட நூலில், தனிமொழி அக்கால அரங்கின் மரபு என்றும், அவையோர்க்குச் செய்தி அறிவித்தலே அதன் பணி என்றும், அதிற் கூறப்படுவனவற்றை நேர்ப்பொருளிலேயே கொள்ளல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். ஜேம்சு ஹிர்ஷ் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அக்காலத் தனிமொழி என்பது எண்ணத்தின் படம் அன்று, வாய்விட்டுப் பேசும் பேச்சே என்று நிறுவ முயன்றார்.

இவ்விரு கருத்துகளும் நம்மை எச்சரிப்பன. ஆயின் மறுப்பன அல்ல. மரபு என்பது புலவனுக்குக் கிடைத்த கருவி. அதனால் அவன் செய்தது யாது என்பதே நம் ஆராய்ச்சி. ரிச்சர்டின் தனிமொழிக்கு ஷூக்கிங் கூறும் நெறி நன்கு பொருந்தும். சீமாட்டியின் வேண்டுதலுக்கு அது பொருந்தாது. அதனை நேர்ப்பொருளிற் கொண்டால் ஐந்தாம் அங்கத்தின் நோய்க்குக் காரணம் காட்ட இயலாது. தனிமொழி வாய்விட்ட பேச்சே என்னும் ஹிர்ஷின் கொள்கையோ நம் கருத்துக்கு அரண் செய்கின்றது. வாய்விட்டுப் பேசியதாயின், அதனை முதலில் கேட்டிருக்க வேண்டிய செவி பேசினவனுடைய செவியே. அது கேளாச் செவியாயிற்று என்பதுதான் அவலம்.

முடிவுரை

இந்நாடகத்தில் வருவதுரைப்பார் இருதிறத்தார். சூனியக்காரியர் உரைத்தவை சொல்லளவில் மெய், பொருளளவில் வஞ்சனை. காடு நடந்து வருதலும், பெண்வயிற்றிற் பிறவாதான் ஒருவன் உளனாதலும் அவ்வாறே மாக்பெத்தை ஏமாற்றின. அவன் தனிமொழிகள் உரைத்தவையோ சொல்லாலும் பொருளாலும் மெய்யாயின. பொய்யாக வந்த மெய்யைத் தேடி அவன் சூனியக்காரியரிடம் சென்றான்; தன் வாயினின்றும் வந்த மெய்யை வாயிற்படியிலேயே விட்டுச் சென்றான்.

ஆதலின் பண்பை விளக்குதலும் வருவது உணர்த்தலும் தனிமொழியின் இருவேறு பயன்கள் அல்ல. ஒருவன் எதனைக் கண்டு நடுங்குகின்றான், எதனைக் காணாதிருக்க வேண்டுகின்றான் என்பது அவன் பண்பு. அவனுக்கு வரவிருப்பதும் அதுவே. தனிமொழிகளை ஆராயப் புகும் மாணவர், அவை கூறும் செய்தியோடு அமையாது, அவற்றின் உருவங்கள் பின்வரும் காட்சிகளில் எங்கெங்கே மீண்டும் தோன்றுகின்றன என்பதனையும், பேசினவன் அடுத்த உரையாடலில் எதனைச் சொல்லாது விட்டான் என்பதனையும் உடன்வைத்து நோக்குவாராயின், அவல நாடகத்தின் கட்டுக்கோப்பு அவர்க்கு நன்கு விளங்கும்.